கல்லீரலை எத்தனை மணி நேரம் வைத்திருக்கலாம்?

உறுப்பு தானம் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் நாளிதழில் ஏறக்குறைய ஒரே படம்தான் வருகிறது. பச்சை உடுப்பில் இரண்டு மூன்று பேர், நடுவில் ஓர் ஐஸ் பெட்டி, பின்னால் கதவு திறந்து நிற்கும் ஆம்புலன்ஸ். பெட்டி மேல் ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்துவிட்டால், ஊருக்குப் போகும்போது தண்ணீர் பாட்டில் அடுக்கிக் கொண்டுபோகும் பெட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். இத்தனை லட்சம் செலவாகும் சிகிச்சையின் நடுவில் இவ்வளவு எளிய பொருளா என்று தோன்றும். ஆனால் கல்லீரல் மாற்று சிகிச்சை பல பத்தாண்டுகளாக இந்தப் பெட்டியை நம்பித்தான் நடந்திருக்கிறது. அதற்குச் சரியான போட்டி வந்து பத்துப் பதினைந்து வருடம்தான் ஆகிறது.

பெட்டிக்குள் இருப்பது ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்ட மூன்று பிளாஸ்டிக் பைகள். உள்பையில் வெளிர்மஞ்சள் திரவத்தில் மூழ்கிக் கிடக்கும் கல்லீரல், சுமார் ஒன்றரைக் கிலோ. அதற்கு வெளியே குளிர்ந்த சலைன், அதற்கும் வெளியே ஐஸ். ஐஸ் நேராகக் கல்லீரலைத் தொடக் கூடாது. தொட்ட இடம் உறைந்து செத்துவிடும். உடலுக்குள் இருக்கும்போது அடர்ந்த செம்பழுப்பாக இருந்த உறுப்பு இப்போது வெளுத்து, பால் அதிகம் விட்ட டீ நிறத்துக்கு வந்திருக்கும். தானம் தருபவரின் உடலில் ரத்த ஓட்டத்தை நிறுத்தும் அந்த நிமிடத்திலேயே பெருந்தமனி வழியாகக் குளிர்ந்த திரவத்தை லிட்டர் கணக்கில் செலுத்தி, ரத்தத்தை முழுக்கக் கழுவி எடுத்துவிடுவார்கள். அதே நேரம் வயிற்றுக்குள் நொறுக்கிய ஐஸைக் கொட்டுவார்கள். நல்ல கல்லீரல் என்றால் நிறம் எல்லா இடத்திலும் ஒரே சீராக வெளுக்கும். திட்டுத் திட்டாக மாறினால் அறுவை மருத்துவர் முகம் மாறும்.

எதற்கு இந்தக் குளிர்? வெப்பநிலை பத்து டிகிரி இறங்கும்போதெல்லாம் உயிரணுக்களின் வேலை ஏறக்குறைய பாதியாகிறது. 37 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு வந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். ஆக்சிஜன் தேவையும் அவ்வளவாகக் குறைந்துவிடும். ஆனால் குறையுமே தவிர நிற்காது. ஐஸில் இருக்கும் கல்லீரல் செத்துக்கொண்டுதான் இருக்கிறது, மெதுவாக.

குளிரிலேயே ஒரு கெடுதலும் இருக்கிறது. நம் உயிரணு ஒவ்வொன்றும் உள்ளே நுழையும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. இந்தப் பம்ப் குளிரில் நின்றுபோகும். சோடியம் உள்ளே வரும், அதன் பின்னாலேயே தண்ணீர் வரும். ஊறப்போட்ட கொண்டைக்கடலை போல உயிரணு உப்பிவிடும். வெறும் சலைனில் போட்டு ஐஸில் வைத்தால் இதுதான் நடக்கும். ஆகவே எவ்வளவு குளிரில் வைப்பது என்பதைவிட எந்தத் தண்ணீரில் வைப்பது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது.

தாமஸ் ஸ்டார்சல் 1963இல் அமெரிக்காவின் டென்வரில் முதன்முதலாக மனிதருக்குக் கல்லீரலை மாற்றியபோது இந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. முதல் நோயாளியான குழந்தை அறுவை மேசையிலேயே இறந்தது. அடுத்து வந்தவர்களும் சில வாரம்கூடத் தாண்டவில்லை. முயற்சியை நிறுத்திவைத்து, 1967இல்தான் ஒரு நோயாளி ஓராண்டுக்கு மேல் உயிரோடிருந்தார். 1969இல் ஜெஃப்ரி காலின்ஸ் கொண்டுவந்த கரைசல் சிறுநீரகத்தைக் காப்பாற்றியது. உயிரணுவின் உள்ளே இருப்பதுபோலவே பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. தண்ணீரை வெளியே பிடித்துவைக்க குளுகோஸ். கல்லீரலில் இது சரியாக எடுபடவில்லை. கல்லீரல் உயிரணுவுக்குக் குளுகோஸ் என்றால் திறந்த வீடு. தாராளமாக உள்ளே போகும், தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகும். ஆறு, எட்டு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது. நள்ளிரவில் எழுப்பி, விமானத்தில் போய் எடுத்து வந்து, விடிவதற்குள் பொருத்தியாக வேண்டும்.

இந்த இடத்தில் ஃபோல்கெர்ட் பெல்சர் வருகிறார். இன்றைய இந்தோனேசியாவில், டச்சு ஆட்சிக் காலத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் அறுவை மருத்துவரானவர். 1960களில் சான் ஃபிரான்சிஸ்கோவில் அவர் செய்துகொண்டிருந்தது வேறு வேலை. பம்ப் வைத்து, குளிர்ந்த பிளாஸ்மாவைச் சுழலவிட்டு, நாயின் சிறுநீரகத்தை மூன்று நாள் வரை காத்துவைத்துக் காட்டினார். ஆக, அவர் இயந்திரக் கட்சிக்காரர். 1974இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு, மேடிசன் நகருக்கு மாறினார். அங்கே ஜேம்ஸ் சதர்ட் என்ற உயிர்வேதியியலாளருடன் சேர்ந்து 1980களின் பின்பாதியில் ஒரு கரைசலை உருவாக்கினார். பல்கலைக்கழகத்தின் பெயரையே சுருக்கி யூ.டபிள்யூ. கரைசல் என்கிறார்கள்.

அதில் இருப்பவற்றைப் படித்தால் மளிகைக்கடைச் சீட்டு மாதிரி இருக்கும். குளுகோஸுக்குப் பதில் ராஃபினோஸ்: பயறு, மொச்சை தின்றால் வயிற்றில் வாயு கட்டுகிறதே, அதற்குக் காரணமான சர்க்கரைகளில் ஒன்று. நம் குடலுக்கே அதை உடைக்கத் தெரியாது. கல்லீரல் உயிரணுவுக்குள்ளும் அது நுழையாது. வெளியே நின்றபடி தண்ணீரைப் பிடித்துவைக்கும். கூடவே பால் சர்க்கரையிலிருந்து எடுக்கும் லாக்டோபியோனேட், அதுவும் உள்ளே போகாத பெரிய மூலக்கூறு. அப்புறம் கொஞ்சம் ஸ்டார்ச். கவுட் நோய்க்குக் கொடுக்கும் அலோபியூரினால். குளூட்டாதயோன். ஆற்றலுக்காக உயிரணு செலவிடும் சில்லறைக் காசு என்று சொல்லத்தக்க ஏடிபியை மறுபடி செய்துகொள்ள மூலப்பொருளாக அடினோசின். தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் அதிசயப் பொருள் இல்லை.

விளைவு பெரிதாக இருந்தது. ஆறேழு மணி நேரமாக இருந்த கெடு இரண்டு மடங்காகி, சில சமயம் ஒரு நாளையே தொட்டது. நடைமுறையில் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கவே பார்ப்பார்கள். ஆனாலும் அந்தக் கூடுதல் மணி நேரங்கள் போதுமானதாக இருந்தன. தூரத்து நகரங்களுக்குக் கல்லீரலை அனுப்ப முடிந்தது, நோயாளியின் வயிற்றை அவசரப்படாமல் திறக்க முடிந்தது. ஜெர்மனியில் இதய அறுவைக்காக பிரெட்ஷ்னைடர் உருவாக்கிய ஹெச்.டி.கே. என்ற நீர்த்த கரைசலும் பின்னால் கல்லீரலுக்குப் புழக்கத்துக்கு வந்தது. இதில் ஒரு வேடிக்கை: இயந்திரத்தோடு வாழ்க்கையைத் தொடங்கிய பெல்சரின் கரைசல்தான், கல்லீரலுக்கு இயந்திரம் தேவையில்லை என்ற எண்ணத்தை அடுத்த கால் நூற்றாண்டுக்கு நிலைநிறுத்தியது.

ஒரு சின்ன விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். யூ.டபிள்யூ. கரைசலில் பொட்டாசியம் நம் ரத்தத்தில் இருப்பதைப்போல இருபது, முப்பது மடங்கு. கல்லீரலைப் பொருத்தி, ரத்தக்குழாயை இடுக்கி வைத்திருக்கும் கிளாம்பைத் திறந்ததும் அந்தத் திரவம் அப்படியே நோயாளியின் இதயத்துக்குப் போனால் இதயம் நின்றுவிடலாம். ஆகவே கடைசித் தையலுக்கு முன் கல்லீரலை மறுபடி ஒருமுறை வேறு திரவத்தாலோ நோயாளியின் ரத்தத்தாலோ கழுவி வெளியே விடுகிறார்கள். கிளாம்பைத் திறக்கும்போது மயக்க மருத்துவரின் கண் மானிட்டரை விட்டு நகராது.

சரி, பன்னிரண்டு மணி நேரம் போதும் என்றால் பிறகு என்ன பிரச்சினை?

கல்லீரல்கள் மாறிவிட்டன. சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த இளைஞரின் கல்லீரல் ஐஸை நன்றாகவே தாங்கும். இப்போது தானமாக வருவதில் வயதானவர்கள் அதிகம், கொழுப்பு படிந்த கல்லீரல் அதிகம். கொழுப்பு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே மருத்துவர்கள் தயங்குவார்கள். பிரிட்டன், நெதர்லாந்து போன்ற நாடுகளில் இதயம் நின்ற பிறகு எடுக்கும் கல்லீரல்களும் கணிசம். இவை குளிர்த் திரவம் போவதற்கு முன்பே உடல் சூட்டில் ரத்தமில்லாமல் சில நிமிடங்கள் கிடந்தவை. இப்படி அடிபட்டு வருகிற கல்லீரலில் முதலில் கெடுவது பித்தநாளம். கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழியில் வருகிறது, தமனி ஒன்று, குடலிலிருந்து வரும் பெரிய சிரை ஒன்று. பித்தநாளத்துக்கோ தமனி மட்டும்தான் கதி. கல்லீரல் பிழைத்துக்கொள்ளும், சில மாதம் கழித்துப் பித்தநாளங்கள் ஆங்காங்கே சுருங்கி, அடைத்து, மஞ்சள் காமாலையும் காய்ச்சலும் மாறி மாறி வந்து, கடைசியில் இன்னொரு கல்லீரலுக்கு வரிசையில் நிற்க நேரும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு என்பேன். ஐஸ் பெட்டி எதையும் சொல்லாது. உள்ளே இருப்பது வேலை செய்யுமா செய்யாதா என்று நோயாளியின் உடலில் பொருத்திய பிறகுதான் தெரியும். சந்தேகம் வந்தால் மருத்துவர் என்ன செய்வார்? வேண்டாம் என்று ஒதுக்குவார். அப்படி ஒதுக்கியவற்றில் எத்தனை நல்ல கல்லீரல்கள் போயின என்பதற்குக் கணக்கே இருந்ததில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் அறுவை மருத்துவர் பீட்டர் ஃப்ரெண்டும் பொறியாளர் கான்ஸ்டன்டின் கூசியோஸும் எதிர்த்திசையில் யோசித்தார்கள். குளிரவைக்கவே வேண்டாம், உடலில் இருப்பதாகவே கல்லீரலை நம்பவைப்போம். 2008இல் ஆர்கன்ஆக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2013 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில், அவர்கள் இயந்திரத்தில் வைத்திருந்த கல்லீரல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சக்கரம் வைத்த, இடுப்புயரப் பெட்டி. உள்ளே ரத்த வங்கியிலிருந்து எடுத்த சிவப்பணுக்கள் 37 டிகிரியில் சுழலும். ஆக்சிஜன், சத்துத் திரவம், இன்சுலின், ரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் எல்லாம் கூடவே போகும்.

வெளுத்துக் கிடந்த கல்லீரலை இதில் இணைத்ததும் சில நிமிடங்களில் பழைய நிறம் திரும்பும். கொஞ்ச நேரத்தில் பித்தநாளத்தில் செருகிய மெல்லிய குழாயில் மஞ்சளும் பழுப்புமாகப் பித்தநீர் சொட்ட ஆரம்பிக்கும். மருத்துவக் குழு கண் வைத்திருப்பது லாக்டேட் அளவில். ஆக்சிஜன் இல்லாமல் கிடந்த காலத்தில் சேர்ந்த கழிவு அது. அதைக் கரைத்து ஒழிப்பது கல்லீரலின் வேலை. இரண்டு, நான்கு மணி நேரத்தில் லாக்டேட் மளமளவென்று இறங்கினால் கல்லீரல் வேலை செய்கிறது என்று பொருள். இறங்காவிட்டால், நோயாளியைத் தொடாமலே அந்தக் கல்லீரலை ஒதுக்கிவிடலாம்.

வெளியே எடுத்த உறுப்பைச் சூட்டில் வாழவைக்கும் எண்ணம் ஐஸ் பெட்டியைவிட மூத்தது. அட்லாண்டிக்கைத் தனியாக விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பர்க், நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் கரேலுக்காக 1935இல் ஒரு கண்ணாடிப் பம்ப் செய்துகொடுத்தார். பூனையின் தைராய்டு சுரப்பியை அதில் நாள்கணக்கில் வைத்திருந்தார்கள். எண்ணம் இருந்தது, கிருமி அண்டாத குழாய்களும் ஆக்சிஜன் ஏற்றும் கருவியும் கணினிக் கட்டுப்பாடும் வந்து சேர முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

2018இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் 220 பேருக்குக் கல்லீரல் பொருத்தப்பட்டது, ஒரு சாராருக்கு ஐஸ், இன்னொரு சாராருக்கு இயந்திரம். இயந்திரத்தில் இருந்தவற்றில் கல்லீரல் காயத்தைக் காட்டும் நொதி அளவு பாதிதான். ஒதுக்கப்பட்டவையும் பாதிதான். அதுவும் சராசரியாக 54 சதவீதம் அதிக நேரம் வெளியே வைத்திருந்தும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2021இல் ஆர்கன்ஆக்ஸ் இயந்திரத்துக்கும், டிரான்ஸ்மெடிக்ஸ் நிறுவனத்தின் இயந்திரத்துக்கும் அனுமதி கொடுத்தது. 2020இல் வெளியான பர்மிங்ஹாம் ஆய்வு இன்னும் துணிச்சலானது. பிரிட்டன் முழுக்க எல்லா மையங்களும் வேண்டாமென்று தள்ளிய 31 கல்லீரல்களை எடுத்துச் சூட்டு இயந்திரத்தில் சோதித்தார்கள். 22 தேறின. அவற்றைப் பெற்ற 22 பேரும் மூன்று மாதம் கழித்து உயிரோடிருந்தார்கள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த 22 பேரில் 4 பேருக்குப் பித்தநாளம் சுருங்கி மறுபடி கல்லீரல் மாற்ற வேண்டி வந்தது. சூட்டு இயந்திரம் கல்லீரலைச் சோதித்துச் சொல்லியது. ஏற்கெனவே பட்டிருந்த அடியை அது ஆற்றவில்லை.

அந்த அடி எங்கே விழுகிறது என்று தேடிப்போனவர்கள் சூரிச்சிலும் நெதர்லாந்தின் க்ரோனிங்கனிலும் இருந்தார்கள். ஆக்சிஜன் இல்லாத நேரத்தில், உயிரணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அதனால் அப்போது ஆபத்தில்லை. சூடான ரத்தமும் ஆக்சிஜனும் ஒன்றாக வந்து சேரும்போதுதான் ஆபத்து. சமையலறையில் காஸ் கசிந்து நிறைந்திருக்கும்போது தீக்குச்சி கிழிப்பதுபோல, சேர்ந்த சக்சினேட் முழுதும் ஒரேயடியாக எரிந்து, உயிரணுவையே சுடும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பொங்கும். அப்படியென்றால் சூடேற்றுமுன் காஸை வெளியேற்ற வேண்டும். பத்து டிகிரிக் குளிரிலேயே ஆக்சிஜன் கரைத்த திரவத்தை ஓடவிட்டால், மைட்டோகாண்ட்ரியா மெதுவாக, தீப்பிடிக்காமல், சக்சினேட்டைத் தீர்த்து ஏடிபியையும் நிரப்பிக்கொள்ளும். ஒன்றிரண்டு மணி நேரம் போதும். அந்தக் குளிரில் ஆக்சிஜன் தேவை குறைவு என்பதால் ரத்தமே வேண்டாம்.

க்ரோனிங்கனில் ராபர்ட் போர்ட்டேயின் குழு இதயம் நின்றபின் எடுத்த கல்லீரல்களில் இதைச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டது. 156 நோயாளிகள். ஆறு மாதத்துக்குள் பித்தநாளச் சுருக்கத்தால் தொந்தரவுக்கு ஆளானவர்கள் ஐஸ் மட்டும் வைத்தவர்களில் 18 சதவீதம், குளிர்ப் பம்ப் வைத்தவர்களில் 6 சதவீதம். பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2023இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வும், ஐஸோடு ஒப்பிட்டால் பொருத்திய கல்லீரல் நீடிப்பதில் பலன் தெளிவாகத் தெரிவது குளிர்ப் பம்ப்பில்தான், சூட்டு இயந்திரத்தில் அந்த அளவுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றது.

செய்திகளில் சூட்டு இயந்திரத்துக்குக் கிடைக்கும் வெளிச்சம் குளிர்ப் பம்ப்புக்குக் கிடைப்பதில்லை. காரணம் புரிகிறது. ஒன்றில் கல்லீரல் கண்முன்னே சிவந்து பித்தம் சுரக்கிறது. மற்றதில் வெளுத்த உறுப்பு குளிர்ந்த தண்ணீரில் சும்மா கிடக்கிறது. ஆனால் நள்ளிரவில் பம்ப் நின்றுபோனால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். குளிர்ப் பம்ப் நின்றால் கல்லீரல் பழையபடி குளிர்ந்த கரைசலில் கிடக்கும். ஐஸ் பெட்டிக்குத் திரும்பியதாகத்தான் அர்த்தம். சூட்டு இயந்திரம் நின்றால் ரத்தமில்லாமல் 37 டிகிரியில் கிடக்கும் கல்லீரலைக் காப்பாற்ற மிஞ்சுவது நிமிடங்கள்தான். அதனால்தான் பயிற்சி பெற்ற ஆள் கூடவே இருக்க வேண்டியிருக்கிறது, செலவும் ஏறுகிறது.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதுமில்லை. க்ரோனிங்கனிலேயே, முதலில் குளிர்ப் பம்ப்பில் மைட்டோகாண்ட்ரியாவைத் தேற்றி, பிறகு மெதுவாகச் சூடேற்றி, 37 டிகிரியில் சோதித்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். நெதர்லாந்து முழுக்க ஒதுக்கப்பட்ட 16 கல்லீரல்களில் 11 தேறிப் பொருத்தப்பட்டன. அங்கே லாக்டேட்டோடு நிற்காமல் பித்தநீரின் காரத்தன்மையையும், அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மையையும், பார்ப்பார்கள். பித்தநாளத்தின் உள்ளுறை நன்றாக இருந்தால்தான் பித்தநீருக்கு அந்தத் தன்மை இருக்கும்.

இரவு விஷயமும் இருக்கிறது. குளிர்ப் பம்ப்பை நீட்டித்து வைத்தாலோ சூட்டு இயந்திரத்தில் விட்டாலோ, நள்ளிரவில் வந்த கல்லீரலைக் காலையில் பொருத்தலாம். பல மணி நேர அறுவையைத் தூங்கி எழுந்த குழு செய்வதற்கும், முந்தைய நாள் முழுக்க வேலை பார்த்த குழு செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

சூரிச் இன்னும் ஒரு படி போனது. பியர் அலன் கிளாவியன் தலைமையிலான குழு, கல்லீரலை ஒரு வாரம் உயிரோடு வைக்கும் இயந்திரத்தை 2020இல் அறிவித்தது. அதில் சர்க்கரை அளவுக்கேற்ப இன்சுலின் போகும், டயாலிசிஸ் கழிவை நீக்கும், மூச்சு விடும்போது உதரவிதானம் கல்லீரலை அசைப்பதுபோல அசைத்தும் கொடுக்கும். எல்லோரும் மறுத்த ஒரு கல்லீரலை 2021 மே மாதம் மூன்று நாள் அதில் வைத்திருந்து, ஆன்டிபயாடிக் கொடுத்துத் தேற்றி, ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். ஓராண்டு கழித்து அவர் நலமாக இருப்பதாக அறிக்கை வந்தது. காத்துவைப்பது என்ற சொல்லே இங்கே பொருந்தவில்லை. கல்லீரலுக்குத் தனியாக உள்நோயாளி சிகிச்சை நடந்திருக்கிறது.

உறையவிடாமல் பூஜ்யத்துக்குக் கீழே வைப்பது இன்னொரு வழி. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள், பையிலிருந்து காற்றை முழுக்க வெளியேற்றி, உறைதலைத் தடுக்கும் பொருள்களைச் செலுத்தி, மனிதக் கல்லீரல்களை மைனஸ் 4 டிகிரியில் 27 மணி நேரம் வரை காத்ததாக 2019இல் எழுதினார்கள். அவை சோதனைக்காக மட்டுமே, நோயாளிக்குப் பொருத்தப்படவில்லை.

நம் ஊர் நிலவரம் வேறு. இந்தியாவில் நடக்கும் கல்லீரல் மாற்றுகளில் பெரும்பகுதி, குடும்பத்தில் ஒருவர் உயிரோடிருந்து தரும் பாதிக் கல்லீரல். பக்கத்துப் பக்கத்து அறைகளில் இரண்டு அறுவையும் நடக்கும். கல்லீரல் ஐஸில் இருப்பது குறைந்த நேரம். இறந்தவரிடமிருந்து பெறுவதும் ஏறக்குறைய முழுக்க மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்துதான் என்பதால், குளிர்ப் பம்ப் அதிகம் உதவும் வகைக் கல்லீரல் இங்கே அரிது. கொழுப்புக் கல்லீரல் மட்டும் இங்கேயும் தாராளம். மதுரையில் எடுத்துச் சுமார் 460 கிலோமீட்டர் தள்ளி சென்னையில் பொருத்த வேண்டிய நாள்களும் உண்டு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போட வேண்டிய குழாய்த் தொகுப்பின் விலையை நோயாளியின் பில்லில் சேர்க்கும் நிலையில், எல்லாக் கல்லீரலுக்கும் இயந்திரம் கேட்பது நியாயமில்லை. தள்ளிவிடலாமா என்று மருத்துவர் யோசிக்கும் கல்லீரலுக்குக் கேட்கலாம்.

பெரும்பாலும் ஐரோப்பாவில்கூடக் குளிர்ப் பம்ப் ஆம்புலன்ஸில் போவதில்லை. நோயாளி இருக்கும் மருத்துவமனையிலேயே நிற்கும். அதுவரைக்கும் கல்லீரல் வருவது ஐஸ் பெட்டியில்தான். அந்தப் பம்ப்பில் ஓடும் திரவம், பெல்சர் தன் கரைசலைப் பம்ப்புக்கென்று மாற்றி அமைத்த வடிவம். பாட்டிலில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது.